ஆண் குழந்தைக்குப் பெயர் தேடுறீங்களா? ஸ்ரீவில்லிபுத்தூரில் 1,200 வருஷத்துக்கு முன்பே தொடங்கிய பெயர் பஞ்சாயத்து

'ஆரவ்' என்று கூகுளில் தட்டிப் பாருங்க. 'அமைதியானவன்' என்று பல இணையதளங்கள் அர்த்தம் சொல்லும். சமஸ்கிருத அகராதியைத் திறந்தால் 'ஆரவ' என்ற சொல்லுக்கு நேர் எதிர்ப் பொருள் இருக்கு. சத்தம், கூச்சல், முழக்கம். தமிழில் நாம் சொல்கிற 'ஆரவாரம்' ஞாபகத்துக்கு வருதா?

ஆரவ் என்று பெயர் வைத்தவர்கள் பதற வேண்டாம். சத்தம் போடாத குழந்தை எங்கே இருக்கு? பெயரும் கேட்க நல்லாத்தான் இருக்கு. சிக்கல் அந்தப் பட்டியல்களில்தான். ஒரு பட்டியலில் ஏறிய தப்பு அடுத்த பட்டியலுக்கும் அப்படியே போய்விடுகிறது. ஆதார், பள்ளி, பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரிகை என்று ஆயுசுக்கும் கூட வரப்போகிற ஒரு சொல்லை, யாரோ காப்பி அடித்த அர்த்தத்தை நம்பித் தேர்ந்தெடுக்கிறோம்.

அதனால் இந்தக் கட்டுரையில் 'அர்த்தத்துடன் 500 பெயர்கள்' கிடையாது. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு மூலையை எடுத்துக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு பக்கத்து மகாராஜபுரம். இந்த வட்டாரத்தில் ஆண் பிள்ளைகளுக்கு வைத்த, வைக்கிற பெயர்களைப் பிரித்துப் பார்த்தாலே தமிழ்நாட்டுப் பெயர்களின் மொத்தக் கதையும் வந்துவிடும்.

ஏன் இந்த ஊர்? பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கணும் என்பதற்காகவே ஒரு பதிகம் பாடிய ஆள் இந்த ஊர்க்காரர்.

பெரியாழ்வார் ஏன் கோபப்பட்டார்?

ஆண்டாளின் அப்பா பெரியாழ்வார். அவருடைய சொந்தப் பெயர் விஷ்ணுசித்தர். சித்தத்தில், அதாவது மனசில், விஷ்ணுவை வைத்திருப்பவர் என்று பொருள். பாண்டிய மன்னன் கொடுத்த பட்டம் 'பட்டர்பிரான்'. காலம் 8 அல்லது 9ஆம் நூற்றாண்டு என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அவர் பாடிய பெரியாழ்வார் திருமொழியில் நாலாம் பத்தின் ஆறாவது திருமொழி முழுக்க முழுக்க பெயர் வைப்பது பற்றியது.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் காசுக்கும் துணிமணிக்கும் ஆசைப்பட்டு, வசதியானவர்களின் பெயரைத் தங்கள் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தால் பிள்ளையின் உச்சந்தலைக்கு எண்ணெய், நெற்றிக்குச் சுட்டி, கைக்கு வளை எல்லாம் கிடைக்கும். இன்றைய பாஷையில் சொன்னால் ஸ்பான்சர்ஷிப். இதைப் பார்த்துத்தான் அவருக்குக் கோபம். பிச்சை எடுத்துச் சாப்பிடும் நிலை வந்தாலும் கடவுள் பெயரையே வையுங்கள் என்கிறார். நாராயணன் பெயரை வைத்தால் அந்தப் பிள்ளையின் அம்மா நரகத்துக்குப் போக மாட்டாள் என்று பாட்டுக்குப் பாட்டு திரும்பச் சொல்கிறார். பிள்ளையைக் கூப்பிடும் சாக்கில் ஒரு நாளைக்கு நூறு தடவை கடவுள் பெயரைச் சொல்லிவிடலாம் என்ற கணக்கு அது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், அன்றைய 'டிரெண்டிங்' பெயரை அவர் கிண்டல் அடிப்பது. நம்பி என்ற பெயரை எடுத்துக்கொண்டு, நாம் 'காபி கீபி' என்று சொல்வதைப் போல எதிரொலி போட்டு நீட்டுகிறார். அந்தப் பெயருக்கு உள்ள மவுசு கொஞ்ச நாளில் போய்விடும் என்கிறார். இப்போ மாடர்ன் பெயர் கேட்டு முகம் சுளிக்கிற தாத்தாக்களுக்கு இவர்தான் முன்னோடி!

அவர் பட்டியலில் வரும் கேசவன், ஸ்ரீதரன், மாதவன், கோவிந்தன், தாமோதரன், கண்ணன் எல்லாம் இன்றைக்கும் ஸ்கூல் வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்கள். ஒவ்வொன்றையும் பிரித்தால் சுவாரசியம்.

தாமோதரன் என்பது தாமம் + உதரம். தாமம் என்றால் கயிறு, உதரம் என்றால் வயிறு. வயிற்றில் கயிறு கட்டப்பட்டவன். வெண்ணெய் திருடிய கண்ணனை யசோதை உரலில் கட்டிப்போட்ட கதை மொத்தமும் ஒரே பெயருக்குள் மடித்து வைத்திருக்கு. ஸ்ரீதரன் என்பவர் திருமகளைத் தாங்குபவர். மாதவன் என்றால் 'மா'வின், அதாவது லட்சுமியின் கணவன். கோவிந்தன் மாடுகளைக் காப்பவன். பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்குமா தெரியலை.

கண்ணன் என்ற பெயர் 'கண்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறோம். கிருஷ்ண என்ற சமஸ்கிருதச் சொல் பிராகிருதத்தில் 'கண்ஹ' ஆகி, தமிழுக்கு வரும்போது கண்ணன் ஆனது. மூலச்சொல்லுக்கு அர்த்தம் கருப்பு.

ஊருக்குள்ளேயே சுற்றும் பெயர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுடன் ஒரே கருவறையில் இருப்பவர் ரங்கமன்னார். வெளியூரில் அபூர்வமான இந்தப் பெயர் இங்கே சாதாரணம். தென்மாவட்டங்களில் பலர் ரெங்கமன்னார், ரெங்கசாமி என்று 'ரெ' போட்டுத்தான் எழுதுவாங்க. அரங்கம் என்றால் ஆற்றிடைத் தீவு, அதாவது ஸ்ரீரங்கம். அந்த அரங்கத்தின் மன்னர்.

இதே கோயிலின் பெரிய பெருமாள் வடபத்ரசாயி. 'வட' என்றதும் வடக்கு என்று நினைத்துவிடக் கூடாது. சமஸ்கிருதத்தில் வடம் என்றால் ஆலமரம். பத்ரம் இலை, சாயி படுத்திருப்பவர். ஆலிலையில் படுத்திருப்பவர்.

ஊர்ப் பெயரே ஆள் பெயர்தான். வில்லி என்றால் வில் வைத்திருப்பவன். வில்லி, கண்டன் என்ற வேட்டுவ அண்ணன் தம்பிகளில் தம்பியைப் புலி கொன்றுவிட, வில்லி உருவாக்கிய ஊர் இது என்கிறது தலபுராணம். அப்புறம் ஊர்ப் பெயர் திரும்பவும் ஆள் பெயர் ஆனது. தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூராருக்கு இந்த ஊர் சொந்த ஊர் கிடையாது. பெரியாழ்வார் மேல் இருந்த பக்தியால் வைக்கப்பட்ட பெயர் என்பார்கள்.

பக்கத்தில் ராஜபாளையம். நடிகர் விஜய் சேதுபதி 1978இல் பிறந்தது இங்கேதான். முழுப்பெயர் விஜய குருநாத சேதுபதி. சேதுபதி என்பது ராமநாதபுரம் மன்னர்களின் பட்டம். சேது என்றால் அணை, பாலம். ராமேஸ்வரம் சேதுவைக் காக்கும் தலைவன் என்று பொருள். 2024இல் வந்த 'மகாராஜா' படத்தில் அவருடைய பாத்திரத்தின் பெயரும் மகாராஜாதான். மகாராஜன், மகாராஜா என்பதெல்லாம் தெற்கே நிஜமாகவே வைக்கிற பெயர்கள், சினிமாவுக்காகக் கண்டுபிடித்தது இல்லை.

மகாராஜபுரம் பக்கம் வந்தால் மலை ஆரம்பித்துவிடும். சதுரகிரி. மேலே சுந்தரமகாலிங்கம், சந்தனமகாலிங்கம் என்று இரண்டு சன்னிதிகள். அடிவாரத்து ஊர்களில் மகாலிங்கம், சுந்தரமகாலிங்கம் என்ற பெயர்கள் எங்கிருந்து வருகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரின் செண்பகத்தோப்புக் காட்டுக்குள் காட்டழகர். மதுரைப் பக்கம் கள்ளழகர். அதனால் அழகர்சாமி. சுந்தரம் என்பதும் அழகு, அழகர் என்பதும் அழகு. சிவன் கோயிலுக்குப் போன அழகு சமஸ்கிருதத்தில் இருக்கு, பெருமாள் கோயிலுக்குப் போன அழகு தமிழில் இருக்கு. வழக்கமாக நாம் நினைப்பதற்குத் தலைகீழ்.

கிருஷ்ணனும் கருப்பசாமியும் ஒன்றா?

இப்போ மேலே சொன்ன 'கருப்பு' அர்த்தத்துக்குத் திரும்ப வரலாம். கிருஷ்ணன் என்றால் கருநிறத்தவன். கருப்பசாமி என்றாலும் கருநிறத்தவன். சொல்லுக்குச் சொல் ஒரே அர்த்தம். ஆனால் ஒரு பெயர் 'கிளாசிக்', இன்னொன்று 'பழசு', 'கிராமத்துப் பெயர்' என்று எப்படி ஆச்சு?

பெயரின் அர்த்தம் அகராதியில் மட்டும் இல்லை, அதை யார் வைத்துக்கொண்டார்கள், யார் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதிலும் இருக்கு. கருப்பசாமி, மாடசாமி என்று முழுசாகப் பெயர் வைத்திருந்தாலும், ஒடுக்கப்பட்ட சமூகத்து ஆள் என்றால் 'சாமி'யை வெட்டிவிட்டு 'ஏய் கருப்பா', 'மாடா' என்றே கூப்பிட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் நிறைய. வாயில் 'சாமி' வந்துவிடக் கூடாதாம். அந்தத் தலைமுறையில் வளர்ந்த ஒருவர் தன் மகனுக்கு யாராலும் வெட்ட முடியாத, ஊர் அடையாளமே இல்லாத ஒரு பெயரைத் தேடினால் அதை 'மாடர்ன் மோகம்' என்று சிரிக்க நமக்கு என்ன உரிமை இருக்கு?

பெயரின் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடணும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லாமல், முன்னால் ஒரு இனிஷியலோடு மட்டும் இருப்பதில் அந்த இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

தென்மாவட்டப் பெயர்களில் இன்னும் சிலதைப் பார்க்கலாம். மாரிமுத்து, மாரியப்பன் என்றால் சாத்தூர் பக்கத்து இருக்கன்குடி மாரியம்மன் ஞாபகம் வரும். மாரி என்றால் மழை. அம்மை போட்டால் உடம்பில் வரும் கொப்புளத்தை 'முத்து' என்று சொல்வது வழக்கம். அம்மைக்கு மருந்து இல்லாத காலத்தில் பிழைத்து வந்த பிள்ளைகளின் ஞாபகம் அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கு. அய்யனார் என்பது ஐயன் + ஆர். மரியாதையே பெயரில் இருக்கு. அய்யனாருக்கு இன்னொரு பெயர் சாத்தன். இந்தச் சாத்தனை அடுத்த பகுதியில் திரும்பப் பார்ப்போம்.

குப்பன், குப்புசாமி, பிச்சை. இவற்றைக் கேட்டுச் சிரிக்கும் முன் ஒரு நிமிஷம். அடுத்தடுத்துப் பிறந்த குழந்தைகள் இறந்துபோன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்து, 'இது வேண்டாத பிள்ளை' என்று எமனை ஏமாற்ற வைத்த பெயர்கள் அவை. சிலர் பக்கத்து வீட்டில் மடிப்பிச்சையாக வாங்கிப் 'பிச்சை' என்று வைத்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் மட்டமான பெயர். உள்ளே இருப்பது பயந்துபோன ஒரு தாய். உலகமே உச்சரிக்கிற சுந்தர் பிச்சையின் பெயரிலும் அந்தச் சொல் இருக்கு. அது அவருடைய அப்பா பெயரிலிருந்து வந்தது.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இருக்கும் பழைய தமிழ்ப் பெயர்களும் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டியவைதான். அருளப்பன் என்றால் ஜான். இராயப்பன் என்றால் பீட்டர். சவரிமுத்து வந்தது சவேரியாரிடமிருந்து. சின்னப்பன் என்றால் பால். லத்தீனில் 'பவுலுஸ்' என்ற சொல்லுக்குச் சின்னவர் என்று பொருள். மொழிபெயர்த்தவர் யாரோ, சபாஷ்! இஸ்லாமியப் பெயர்களில் கவனிக்க வேண்டியது 'அப்துல்'. 'இன்னாரின் அடியார்' என்பதில் பாதிதான் அது. அடுத்து வரும் இறைவனின் பெயரோடு சேர்ந்தால்தான் அர்த்தம் முழுமையாகும். தனியாக 'அப்துல்' என்று வெட்டிக் கூப்பிட்டால் வாக்கியம் பாதியில் நிற்கும்.

தாத்தா பெயர் வைத்தால்தான் 'பேரன்'

வீட்டில் பெரிய சண்டையே இங்கேதான். தாத்தா பெயரை வைக்கணும் என்று ஒரு கட்சி, முடியவே முடியாது என்று இன்னொரு கட்சி. மொழி தாத்தா கட்சிக்குத்தான் ஓட்டு போடுது. பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதன் திரிபு. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் அந்த உறவுக்கே அந்தப் பெயர். பெயர்த்தி, பேத்தியும் அப்படித்தான்.

அரசர்களும் இதே மாதிரி மாற்றி மாற்றி வைத்தவர்கள். சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்றும் பாண்டியர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்றும் ஒருவர் விட்டு ஒருவர் பட்டம் போட்டுக்கொண்டார்கள். கல்வெட்டு படிக்கிறவர்களுக்குத் தலைவலி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாத்தா பெயர் வைத்த வீட்டில் மருமகளுக்கு ஒரு சங்கடம். மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அந்தப் பெயரில் இருக்கும் சொந்தப் பிள்ளையை எப்படித் திட்டுவது? அதனால்தான் ராசா, அய்யா, தம்பி என்று வீட்டுப் பெயர் ஒன்று முளைத்தது. சான்றிதழில் ஒன்று, தெருவில் ஒன்று.

வீட்டுப் பெயரே வரலாற்றுப் பெயர் ஆனதற்கு இதே மாவட்டத்தில் எடுத்துக்காட்டு இருக்கு. விருதுநகரில் 1903 ஜூலை 15 அன்று பிறந்த குழந்தைக்குக் குலதெய்வத்தின் பெயரை வைத்து காமாட்சி என்றார்கள். அம்மா சிவகாமி செல்லமாகக் கூப்பிட்டது 'ராஜா'. இரண்டும் ஒட்டி காமராஜ் ஆனது. ஆண் பிள்ளைக்குப் பெண் தெய்வத்தின் பெயர் வைப்பதில் அந்த வீட்டில் யாருக்கும் கூச்சம் இருந்த மாதிரி தெரியலை.

இனிஷியலுக்கும் இலக்கணம் உண்டு

பி.ஏ. தமிழ் படித்ததற்கு இந்த ஒரு இடத்திலாவது பிரயோஜனம் இருக்கட்டும். 'கொற்றன் என்பவன் சாத்தனின் மகன்' என்பதை ஒரே பெயராகச் சொல்ல தொல்காப்பியத்தில் புணர்ச்சி விதி இருக்கு. சாத்தன் + கொற்றன் = சாத்தங்கொற்றன் என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டு தருவார்கள். நாம் இன்றைக்கு 'சா. கொற்றன்' என்று எழுதுவோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைவிட அழகானது தலைகீழ் விதி. மகன் பெயரை வைத்து அப்பாவைச் சொல்வது. ஆதன் + தந்தை = ஆந்தை. பூதன் + தந்தை = பூந்தை. கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையார் பெயரில் இருக்கும் 'ஆந்தை'க்கும் ராத்திரி அலறும் பறவைக்கும் சம்பந்தம் கிடையாது. பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த, ஆதனின் அப்பா. ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் 'ரித்விக் அப்பா' என்று நம்பர் சேவ் பண்ணுகிறோமே, அதேதான். இந்த ஆதன் என்ற பெயர் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளிலும் தமிழி எழுத்தில் இருக்கு. கூடவே குவிரன் என்ற பெயரும். ரெண்டு எழுத்து, மூணு எழுத்தில் 'சின்னதா, யுனிக்கா' தேடுபவர்கள் அந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்க்கலாம்.

இனிஷியல் என்றாலே அப்பா பெயர் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த ராஜபாளையத்துக்காரர் பி.எஸ்.குமாரசுவாமி ராஜா. 'பி' என்பது பூசபாடி, தெலுங்கு வழக்கப்படி குடும்பப் பெயர். ஆந்திரப் பக்கமிருந்து வந்து குடியேறிய சமூகத்தின் வேர் அந்த ஒரு எழுத்தில் இருக்கு. ராமேஸ்வரத்து ஏ.பி.ஜே.அப்துல் கலாமின் மூன்று எழுத்துகளும் முன்னோர்களின் பெயர்கள். கடைசி எழுத்து அவருடைய அப்பா ஜைனுலாப்தீனைக் குறிக்கும்.

இனிஷியலைத் தமிழிலேயே போடணும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் உத்தரவு போட்டது. அப்போது தமிழ் ஆட்சிமொழித் துறையைக் கவனித்தவர் இதே விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த அமைச்சர் தங்கம் தென்னரசு. பாஸ்போர்ட்டில் மட்டும் இந்த முறை மாட்டிக்கொள்ளும். 'சர்நேம்' கட்டத்தில் அப்பா பெயரை விரித்து எழுதிவிட்டு வெளிநாடு போனால், அங்கே உள்ளவர்கள் நம்மை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க.

'ஏஷ்' தலைமுறை

உங்க ஆபீஸில் 35 வயசுக்கு மேல் இருக்கும் ஆண்களை வரிசையாக நினைச்சுப் பாருங்க. ரமேஷ், சுரேஷ், தினேஷ், சதீஷ், மகேஷ், விக்னேஷ். எல்லாவற்றிலும் கடைசியில் ஒளிந்திருப்பது 'ஈசன்'. சுரர் என்றால் தேவர்கள், அவர்களுக்குத் தலைவன் சுரேஷ். ரமா என்கிற லட்சுமியின் தலைவன் ரமேஷ், அதாவது விஷ்ணு. சதியின் கணவன் சதீஷ், அதாவது சிவன். தினத்துக்குத் தலைவன் தினேஷ், சூரியன். விக்னம் என்றால் தடை. தடைகளை ஆளுபவர் விக்னேஷ். அந்தப் பெயரைச் சுருக்கி 'விக்னா' என்று கூப்பிடும்போது மிஞ்சுவது தடை மட்டும்தான்!

அப்பா பெயர் ராமசாமி, மகன் பெயர் ரமேஷ் என்று மாறியபோது சாமி போகவில்லை. பின்னால் இருந்த 'சாமி' போய் 'ஈசன்' வந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் தமிழ்ப் பெயர் அலை. திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். செழியன், மாறன், வழுதி மூன்றுமே பாண்டியர் பெயர்கள், இந்த மண்ணுக்கு உரியவை. மு.க.ஸ்டாலின் 1953 மார்ச் 1 அன்று பிறந்தார். சில நாளில் சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தார், இரங்கல் கூட்டத்தில் கருணாநிதி மகனுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். அர்த்தம் பார்த்து வைத்த பெயர் இல்லை, தேதி பார்த்து வைத்தது.

இப்போ ஆப் பட்டியல்களில் வருகிற பெயர்கள். ரித்விக் என்றால் யாகம் செய்யும் புரோகிதர். துருவ் என்றால் அசையாதது, துருவ நட்சத்திரம். விஹான் என்றால் விடியல், இது சரியாகவே இருக்கு. அத்விக் என்பதற்கு 'தனித்துவமானவன்' என்று போட்டிருப்பாங்க. அகராதியில் இருப்பது 'அத்விதீய', இரண்டாவது இல்லாதது. அதிலிருந்து வெட்டி உண்டாக்கிய புதுப் பெயராகத்தான் தெரிகிறது. நகுலன் என்றால் கீரிப்பிள்ளை. கர்ணன் என்றால் காது. ரெண்டையும் எந்த ஆப்பும் இவ்வளவு நேரடியாகச் சொல்லாது.

சுத்தத் தமிழில் வேணும் என்றால் கவின் (அழகு), முகில் (மேகம்), கதிரவன், இளங்கோ (இளவரசன்), இனியன் என்று பிரச்சனையில்லாத பெயர்கள் ஏராளம்.

நட்சத்திர எழுத்தில் ஒரு சிக்கல்

27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், மொத்தம் 108 எழுத்து. இதுதான் காலண்டரில் பின்பக்கம் வரும் பட்டியல். நம்பிக்கை இருப்பவர்கள் பார்க்கட்டும். ஆனால் பட்டியல் வடமொழி ஒலிகளுக்காகப் போட்டது, தமிழ் எழுத்துக்குள் அது உட்காராது.

திருவாதிரைக்கு கு, க, ங, ச. இதில் 'ங'வில் தொடங்கும் ஒரு பெயர் சொல்லுங்க பார்ப்போம். சுவாதிக்கு ரு, ரே, ரோ, த. தமிழ் இலக்கணப்படி 'ர' சொல்லின் முதலில் வராது. அதனால்தான் ராமன் இராமன் ஆனான், ரங்கன் அரங்கன் ஆனான். ஆக, சுவாதியில் பிறந்த குழந்தைக்கு இலக்கணம் பார்த்தால் நாலில் மூன்று எழுத்து அவுட். சரி, வடமொழிப் பெயரே வைக்கலாம், ருத்ரன் என்று வைக்கலாம் என்றால், அந்தச் சொல்லின் வேருக்கு அழுவது, கத்துவது என்று பொருள். ராத்திரி ரெண்டு மணிக்கு அர்த்தம் நல்லாவே புரியும்.

இன்னொரு தகவல். பெரியாழ்வாரின் நட்சத்திரம் ஆனி சுவாதி. அவர் பெயர் 'வி'யில் தொடங்குது.

சான்றிதழில் பெயர் ஏற்ற எவ்வளவு நாள்?

குழந்தை பிறந்து 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்யணும். அப்போதே பெயர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, அதனால் ஆஸ்பத்திரி படுக்கையில் வைத்து அவசர முடிவு வேண்டாம். பெயர் இல்லாமல் பதிவு செய்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். தாத்தா கட்சிக்கும் ஆப் கட்சிக்கும் சமாதானம் பேச ஒரு வருஷம் தாராளமாக இருக்கு.

ஆனால் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கவும் கூடாது. 2023இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்கு பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, ஆதார், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடத்துக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான்.

ஒரு தடவை ஏறிய பெயரை 'இப்போ பிடிக்கலை' என்று மாற்றுவது லேசான வேலை இல்லை. எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையில் விண்ணப்பித்து அரசிதழில் வெளியிட்டு, அப்புறம் ஒவ்வொரு ஆவணமாக அலையணும். நியூமராலஜிக்காக ஆங்கிலத்தில் ஒரு 'ஏ', ஒரு 'ஹெச்' கூடுதலாகப் போடுபவர்கள், பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பள்ளியிலும் அதே எழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கோங்க. பிளஸ் டூ மார்க் ஷீட் வரும்போதுதான் பல வீடுகளில் அந்த ஒரு எழுத்து கண்ணில் படுது.

தமிழ் எழுத்தையும் விட்டுடாதீங்க. ர, ற, ல, ள, ழ, ந, ன எல்லாம் விண்ணப்பத்தில் தெளிவாக எழுதிக் கொடுங்க, அச்சிடும் முன் ஸ்கிரீனில் ஒரு தடவை காட்டச் சொல்லிப் படிங்க. கதிரவன் 'கதிறவன்' என்று ஏறிவிட்டால், திருத்துவதற்கு அந்தச் சூரியனே வரிசையில் நிற்க வேண்டியதுதான்.